வீட்டுக்காரரின் வரிப் பாக்கிக்கு உங்கள் வாடகையைக் கேட்டு அறிவித்தல் வந்தால்: யாழ்ப்பாணத்து வாடகைக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

வாடகை கட்டவேண்டிய நாள் வந்துவிட்டால், கட்டி முடிக்கும் வரை அது நீங்கள் வீட்டுக்காரருக்குப் பட்ட கடன். அந்த வீட்டுக்காரர் அரசாங்கத்துக்கு வரி பாக்கி வைத்திருந்தால், அரசாங்கம் அவரைத் தேடி அலையாமல் நேரே உங்களிடம் வந்து, அவருக்குக் கொடுக்க இருப்பதைத் தன்னிடம் கட்டச் சொல்லலாம். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இந்த அதிகாரத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் தலைவரான ஆணையாளர் நாயகத்துக்குக் கொடுக்கிறது. உரிமையாளர் கனடாவிலோ பிரான்சிலோ இருக்க, கஸ்தூரியார் வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ கடையை வேறொருவர் நடத்துவது யாழ்ப்பாணத்தில் சாதாரணம். அப்படிப்பட்ட உரிமையாளரின் சொத்துகளில் திணைக்களத்தின் கைக்கு மிக எளிதாக எட்டுவது வாடகைதான்.

வாடகைக்காரருக்கு இதில் உள்ள ஆபத்து ஒன்றுதான்: ஒரே வாடகையை இரண்டு தரம் கட்ட நேர்வது. முறையான அறிவித்தல் கைக்கு வந்த பிறகும் பழக்கதோஷத்தில் வீட்டுக்காரரிடமே கொடுத்தால், அந்தத் தொகைக்கு நீங்களே தனிப்பட்ட முறையில் பொறுப்பாவீர்கள். ஆணை எதுவும் இல்லாத வெறும் கடிதத்தை நம்பி வேறெங்காவது கட்டினால், வீட்டுக்காரர் வாடகை நிலுவை என்று சொல்லி உங்கள் மேல் வழக்கு வைப்பார். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் தடுப்பதற்கே.

வந்திருப்பது எந்தக் கடிதம்?

கடிதத்தின் தலைப்பில் யாருடைய பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வழி அங்கேயே பிரிகிறது.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தல் என்றால், அதில் வரி செலுத்தாதவரின் பெயர், அவருடைய வரி செலுத்துநர் அடையாள இலக்கம், பாக்கித் தொகை, நீங்கள் கட்டவேண்டிய திகதி, அதிகாரியின் கையொப்பம் எல்லாம் இருக்கவேண்டும். இது மூன்றாந்தரப்பு அறிவித்தல். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதைப் பற்றியது.

நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அதிகாரியான பிஸ்கால் கையொப்பமிட்டு வருவது வேறு ரகம். அது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 229ஆம் பிரிவின்படி வரும் தடை அறிவித்தல். மாநகரசபையிடமிருந்தோ பிரதேச சபையிடமிருந்தோ வருவது பெரும்பாலும் சோலைவரி, அதாவது கட்டடத்துக்குச் சபை அறவிடும் வரி, நிலுவையில் இருப்பது பற்றியதாக இருக்கும். வங்கியோ லீசிங் கம்பனியோ ஒரு சட்டத்தரணியின் கடிதத்தை அனுப்பி "வாடகையை எங்களுக்குக் கட்டுங்கள்" என்று கேட்டால், அது தன்னளவில் ஆணை ஆகாது. வீட்டுக்காரர் ஒப்பமிட்ட சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதிலை ஒரு சட்டத்தரணியிடம் காட்டும்வரை பணத்தை நகர்த்தவேண்டாம்.

திணைக்களத்திலிருந்து வருவதாகச் சொல்லி நேரில் வந்து காசாகக் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். வரிப்பணம் வங்கி வழியாகத்தான் போகும். சந்தேகம் இருந்தால் கடிதத்தை எடுத்துக்கொண்டு திணைக்களத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்குப் போய், கோப்பு உண்மையா என்று கேளுங்கள். ஒரு காலை நேரம் செலவாகும், செலவழிப்பது நல்லது.

முதல் நாள் செய்யவேண்டியவை

கடித உறையை எறியாதீர்கள். உங்களுக்கு எப்போது தெரியவந்தது என்பதற்கு உறையில் இருக்கும் தபால் முத்திரைதான் சாட்சி. கடிதத்தின் மூலையில் கிடைத்த திகதியையும் நேரத்தையும் பேனாவால் எழுதிக் கையொப்பம் வையுங்கள். கடையில் வேலைசெய்யும் பிள்ளை வாங்கி வைத்திருந்தால் அவருடைய பெயரையும் குறித்துவையுங்கள்.

அடுத்ததாக, வங்கியில் நிலையான கட்டளை கொடுத்து மாதாமாதம் வாடகை தானாகப் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். அதிகம் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். கடிதத்தைப் பத்திரமாக மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள், ஆனால் ஐந்தாம் திகதி வங்கி வழக்கம்போல அனுப்பிவிடும். வரப்போகும் மாதங்களின் திகதி போட்டு முன்கூட்டியே கொடுத்த காசோலைகள் வீட்டுக்காரரின் கையில் இருந்தால் அதையும் உடனே திணைக்களத்துக்கு எழுத்தில் சொல்லவேண்டும். அவற்றைக் கேட்காமல் நிறுத்துவதா, எந்தத் திகதிக் காசோலை வரை போகவிடுவதா என்பதை அவர்களின் பதிலைப் பார்த்தே முடிவெடுங்கள்.

அறிவித்தல் கிடைப்பதற்கு முன்பே உண்மையாகக் கட்டிய வாடகையைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். அந்தக் கடன் அப்போதே தீர்ந்துவிட்டது. ஆனால் அதை நிரூபிக்க வங்கிக் கூற்றோ திகதியிட்ட பற்றுச்சீட்டோ வேண்டும். "ஆறு மாத வாடகையைப் போன மாதமே தந்ததாக ஒரு துண்டு எழுதித் தாறன், கையெழுத்து வையுங்கோ" என்று வீட்டுக்காரர் கேட்டால் மறுத்துவிடுங்கள். பழைய திகதி போட்டு எழுதிய பற்றுச்சீட்டு அவருடைய வரிப் பிரச்சினையை உங்கள் பொய்ச் சாட்சியமாக மாற்றிவிடும்.

எவ்வளவு கட்டவேண்டும்?

அறிவித்தலில் இருக்கும் முழுப் பாக்கியையும் நீங்கள் கட்டவேண்டியதில்லை. வீட்டுக்காரருக்கு நீங்கள் கொடுக்கவேண்டியது எவ்வளவோ அவ்வளவுதான், அதுவும் பாக்கித் தொகை தீரும்வரைதான். வாடகை கட்டவேண்டிய நாள் வரும் முன்னமே கட்டச் சொல்லவும் முடியாது. ஐந்தாம் திகதி வாடகை என்றால் ஐந்தாம் திகதிதான் அது கடனாகிறது. முந்தைய மாதங்களில் நீங்கள் கட்டாமல் வைத்திருக்கும் நிலுவை ஏற்கெனவே கடன் என்பதால் அதுவும் இதற்குள் வரும்.

யாழ்ப்பாணத்தில் கணக்கைக் குழப்புவது முற்பணம். ஒரு கடைக்கு மாத வாடகை 90,000 ரூபா, முற்பணம் 10 லட்சம், ஒப்பந்தப்படி மாதம் 20,000 ரூபா முற்பணத்தில் கழியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாதாமாதம் நீங்கள் கையில் கொடுப்பது 70,000 ரூபா. அறிவித்தலில் பாக்கி 430,000 ரூபா என்றால், 70,000 வீதம் ஆறு மாதம் கட்ட 420,000 ஆகும். ஏழாவது மாதம் 10,000 மட்டும் திணைக்களத்துக்கு, மிச்சம் 60,000 வீட்டுக்காரருக்கு. எட்டாவது மாதத்திலிருந்து எல்லாம் பழையபடி. இந்தக் கணக்கு நிற்பதற்குக் கழிவு பற்றிய வாசகம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கவேண்டும். வாய்ப்பேச்சாக இருந்தால், முழு 90,000 ரூபாவும் கடன்தான் என்று திணைக்களம் சொல்லக்கூடும். கடைசியில் ஒரேயடியாகத் திருப்பிக் கொடுப்பது என்ற ஒப்பந்தமானால் முற்பணத்தை மாத வாடகையில் கழிக்கவே முடியாது.

ஒரு வியாபாரத்துக்காக எடுத்த இடத்துக்கு மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் வாடகை கொடுப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2023 ஜனவரியிலிருந்து, இலங்கையில் வசிக்கும் உரிமையாளருக்கான அப்படிப்பட்ட வாடகையில் 10 சதவீதத்தை நீங்களே பிடித்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் திணைக்களத்துக்குக் கட்டவேண்டும். இதற்கு நிறுத்திவைத்தல் வரி என்று பெயர். 120,000 ரூபா வாடகையில் 12,000 அப்படிப் போக, வீட்டுக்காரருக்கு மிஞ்சும் 108,000தான் மூன்றாந்தரப்பு அறிவித்தலுக்கு உரியது. இரண்டும் போவது ஒரே திணைக்களத்துக்கு என்பதால் ஒரே படிவத்தில் 120,000 என்று எழுதிக் கட்டிவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நிறுத்திவைத்தல் வரி கட்டாதவராக நீங்கள் பதியப்படுவீர்கள். இரண்டு தொகை, இரண்டு படிவம், இரண்டு பற்றுச்சீட்டு. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் இந்த 100,000 ரூபாக் கணக்கை அப்படியே போடவேண்டாம்; அலுவலகத்தில் கேட்டு அவருக்குரிய வீதத்தைப் பிடியுங்கள்.

பெயர் பொருந்துகிறதா?

அறிவித்தலில் இருக்கும் பெயரும் நீங்கள் வாடகை கட்டவேண்டியவரின் பெயரும் ஒன்றுதானா என்று பார்க்காமல் பணம் கட்டவேண்டாம். ஒப்பந்தத்தில் "வாடகைக்குக் கொடுப்பவர்" என்று யார் இருக்கிறாரோ அவருக்குத்தான் நீங்கள் கடன்காரர்.

உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து, அவருடைய தம்பியோ மாமனோ அற்றோணித் தத்துவத்தில் (அவருக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரத்தில்) கையெழுத்து வைத்து வாடகை வாங்குகிறார் என்றால், கடன் உரிமையாளருக்கே. உரிமையாளரின் பெயரில் அறிவித்தல் வந்தால் தம்பியிடம் கொடுப்பதை நிறுத்தவேண்டும். தம்பியின் சொந்த வரிப் பாக்கிக்கு அவருடைய பெயரில் வந்தால் அது இந்த வாடகையைத் தொடாது; அதை விளக்கித் திணைக்களத்துக்குப் பதில் எழுதவேண்டும்.

அறிவித்தல் கணவன் பெயரில் இருக்க, உறுதி மனைவியின் சீதனமாக இருப்பது இங்கே அடிக்கடி நடக்கும். யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பத்தில் எது சீதனம், எது தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து), வருமானம் யாருக்குச் சேரும் என்பதெல்லாம் வாடகைக்காரர் தீர்ப்புச் சொல்லும் விடயம் அல்ல. நீங்கள் செய்யவேண்டியது ஒப்பந்தம் யார் பெயரில், பற்றுச்சீட்டு யார் பெயரில், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்ற மூன்றையும் உள்ளபடி எழுதி அனுப்புவதுதான். உரிமையாளர் இறந்து பிள்ளைகள் பிரித்துக்கொள்ளாமல் இருக்கும் கடைக்கும் இதே வழி.

ஒற்றிக்கு இருப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. ஒற்றியில் நீங்கள் கொடுத்த பணத்துக்கு வட்டியாகத்தான் வீட்டையோ காணியையோ அனுபவிக்கிறீர்கள். மாத வாடகை என்று ஒன்று இல்லை, ஆகவே திருப்பிவிடவும் ஒன்றுமில்லை. ஆனாலும் அறிவித்தலைச் சும்மா விடக்கூடாது. ஒற்றி உறுதியின் நிழற்பிரதியை இணைத்து "கொடுக்கவேண்டிய வாடகை எதுவும் இல்லை" என்று பதில் அனுப்பவேண்டும்.

பதில் எழுதும் விதம்

கட்ட முடிந்தாலும் முடியாவிட்டாலும் பதில் போகவேண்டும், அதுவும் அறிவித்தலில் குறித்த திகதிக்கு முன். நீளமாக எழுதத் தேவையில்லை. கீழே உள்ளது போதும்:

"தங்கள் … திகதிய, … இலக்க அறிவித்தல் எனக்கு … திகதி கிடைத்தது. அதில் குறிப்பிட்டவரிடமிருந்து … முகவரியில் உள்ள கடையை … திகதிய ஒப்பந்தப்படி வாடகைக்கு எடுத்துள்ளேன். மாத வாடகை … ரூபா. கட்டவேண்டிய நாள் ஒவ்வொரு மாதமும் …ஆம் திகதி. முற்பணத்தில் மாதம் … ரூபா கழிகிறது. கடைசியாக … மாத வாடகையை … திகதி அவருக்குச் செலுத்தினேன். … மாதம் முதல் … ரூபா வீதம் தங்களுக்குச் செலுத்துவேன். ஒப்பந்தத்தினதும் கடைசிப் பற்றுச்சீட்டினதும் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன."

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியது அனுப்பியதாகாது.

அதே நாளில் வீட்டுக்காரருக்கும் ஒரு கடிதம் போகட்டும். பலர் வெட்கப்பட்டு இதைத் தவிர்க்கிறார்கள், நல்ல மனுசனின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று. ஆனால் அவருக்கு முதலில் தெரியவேண்டியது உங்களிடமிருந்துதான். "ஐயா, உங்களுடைய வரி சம்பந்தமாக எனக்கு இப்படி ஒரு அறிவித்தல் வந்திருக்கிறது, பிரதி இணைத்திருக்கிறேன். சட்டப்படி இந்த மாத வாடகையை அங்கே கட்டவேண்டியிருக்கிறது. கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியை மாதாமாதம் உங்களுக்கு அனுப்புவேன்" என்ற நான்கு வரி போதும். பாக்கியைத் தவணையில் கட்டுவதா, தொகையை ஆட்சேபிப்பதா என்பது அவர் திணைக்களத்தோடு பேசவேண்டியது. அதற்காக நீங்கள் காத்திருக்கவேண்டியதில்லை. அறிவித்தல் நிறுத்தப்பட்டதாகத் திணைக்களம் எழுத்தில் சொல்லும்வரை அது உயிரோடுதான் இருக்கிறது. "நான் கதைச்சிட்டன், இனி எனக்கே தாங்கோ" என்று தொலைபேசியில் சொல்வதை வைத்துப் பணம் கொடுக்கவேண்டாம்.

பணம் கட்டும்போது

படிவத்தில் யாருடைய அடையாள இலக்கத்தை எழுதுவது என்பதில் கவனம் சிதறக்கூடாது. உங்களுக்கும் ஒரு வரி இலக்கம் இருந்தால் கை தானாக அதையே எழுதும். பணம் உங்கள் கணக்கில் போய் விழும், வீட்டுக்காரரின் பாக்கி அப்படியே நிற்கும், அதைத் திருத்த மாதக்கணக்கில் அலையவேண்டும். அறிவித்தலில் கொடுத்திருக்கும் இலக்கம், வரி வகைக் குறியீடு, காலக் குறியீடு ஆகிய மூன்றையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். அறிவித்தலில் குறியீடு இல்லாவிட்டால் பிராந்திய அலுவலகத்தில் கேட்டு, சொன்ன அதிகாரியின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

வங்கி முத்திரையிட்ட பற்றுச்சீட்டை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று திணைக்களத்துக்கு, ஒன்று வீட்டுக்காரருக்கு, மூலம் உங்கள் கோப்பில். வெப்பத்தாளில் அச்சாகும் பற்றுச்சீட்டு நம்முடைய வெயிலுக்கு ஒரு வருடத்துக்குள் வெள்ளைத் தாளாகிவிடும், ஆகவே பிரதி அன்றைக்கே எடுக்கவேண்டும். கோப்பை ஆறு வருடமாவது வைத்திருங்கள்.

இப்படிக் கட்டிய தொகை, வீட்டுக்காரரின் அதிகாரத்தின்படியே கட்டியதாகச் சட்டத்தில் கொள்ளப்படும். அந்த அளவுக்கு உங்கள் வாடகை கட்டப்பட்டுவிட்டது. அதை நிலுவை என்று சொல்லிக் கடையைப் பூட்டவோ மின்சாரத்தைத் துண்டிக்கவோ அவருக்கு உரிமை இல்லை. அப்படி நடந்தால் கோப்போடு சட்டத்தரணியிடம் போங்கள். செலவழிக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது.

பிஸ்காலின் தடை அறிவித்தல்

இது சுருக்கமான விடயம். வீட்டுக்காரருக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்றவர், அது அரச வங்கியாக இருந்தாலும் தனியாளாக இருந்தாலும், நீங்கள் கொடுக்கவேண்டிய வாடகையை நீதிமன்றம் மூலம் பிடித்துவைக்கலாம். நீதிமன்றத்தின் மறு கட்டளை வரும்வரை வீட்டுக்காரர் வாங்கவும் கூடாது, நீங்கள் கொடுக்கவும் கூடாது. வழக்குத் தொடுத்தவரிடமும் நேரே கொடுக்கவேண்டாம். வழக்கிலக்கத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் வைப்புச் செய்யுங்கள். திணைக்களத்தின் அறிவித்தலும் பிஸ்காலின் தடையும் ஒரே வாடகைக்கு வந்தால் எது முந்தியது என்று நீங்களே தீர்மானிக்காமல், இரு தரப்புக்கும் எழுதி, நீதிமன்றத்தின் கட்டளையைக் கேளுங்கள்.

சோலைவரி நிலுவை

சோலைவரி உரிமையாளரின் பொறுப்பு என்றுதான் ஒப்பந்தங்களில் எழுதுவார்கள். ஆனால் அவர் வருடக்கணக்கில் கட்டாமல் விட்டால் அதன் சூடு கடையில் இருப்பவருக்கும் படும். மாநகரசபைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நிலுவைக்கு வாரண்டு பிறந்தால், அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் அசையும் பொருளையும் கைப்பற்ற இடமுண்டு. அது உங்கள் சரக்காகவும் இருக்கலாம்.

ஆகவே சபையின் கடிதம் வந்ததும் உரிமையாளருக்கு எழுதி, "நிலுவையை நான் கட்டி வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்புதல் தாருங்கள்" என்று கேளுங்கள். மின்னஞ்சலில் வந்த சம்மதமும் பயன்படும், ஆனால் தொகையும் எந்தெந்த மாதத்தில் கழிப்பது என்பதும் அதில் இருக்கவேண்டும். சம்மதம் வாங்காமல் கட்டிவிட்டுக் கழித்தால் அவர் அதை வாடகை நிலுவை என்று பிடிப்பார். சம்மதம் தர மறுத்து, வாரண்டும் கிட்டே வந்துவிட்டால் சட்டத்தரணியைப் பார்க்கும் நேரம் அதுதான். கட்டும்போது பற்றுச்சீட்டில் ஆதன இலக்கமும் உரிமையாளர் பெயரும் இருக்கட்டும். "செலுத்தியவர்" என்ற இடத்தில் உங்கள் பெயர் வரவேண்டும். நிலுவை தீர்ந்த பிறகு, நடப்பு வருடத்துக்கான முழுத் தொகையையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம். இந்தக் கழிவு யாருக்கு என்பதையும் அதே கடிதத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

எந்தச் சபை என்பதில் தடுமாற்றம் வரும். நல்லூர்க் கோயிலடி யாழ்ப்பாண மாநகரசபைக்குள் இருக்கிறது. திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் நல்லூர்ப் பிரதேச சபைக்குள். சாவகச்சேரிக்கும் பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் நகரசபைகள் உண்டு. தபால் முகவரியை வைத்து முடிவெடுக்காமல் பழைய சோலைவரித் துண்டைப் பாருங்கள்.

சபையில் வாடகை கட்டுவது வேறு

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வீட்டுக்காரருக்குப் பதிலாகச் சபையின் அதிகாரமளிக்கப்பட்டவரிடம், அதாவது முதல்வரிடம் அல்லது தவிசாளரிடம் அல்லது அவர் எழுத்தில் நியமித்தவரிடம், வாடகையைக் கட்ட வாடகைக்காரருக்கு இடம் தருகிறது. வீட்டுக்காரர் வாங்க மறுத்து, பிறகு நிலுவை என்று எழுப்பப் பார்க்கும்போது உதவுவது இது. கட்டிய அதே நாளில் வீட்டுக்காரர் பெற்றதாகச் சட்டம் கொள்ளும். சபை பற்றுச்சீட்டுத் தந்து பணத்தை அவருக்கு அனுப்பும். இந்தச் சட்டம் எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தாது, ஆகவே உங்கள் இடம் அதற்குள் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

இந்தப் பணம் வீட்டுக்காரரின் சோலைவரிப் பாக்கிக்கு வரவு வைக்கப்படாது. சபையில்தானே கட்டுகிறேன், சோலைவரியும் தீர்ந்துவிடும் என்று நம்பி இருந்துவிட்டால் பின்னால் வாரண்டுதான் வரும். இறைவரித் திணைக்களத்தின் அறிவித்தல் கையில் இருக்கும்போது இந்த வழியில் கட்டவும் கூடாது. அது வீட்டுக்காரருக்குக் கட்டியதாகவே கணக்கில் வரும், திணைக்களத்துக்கு நீங்கள் மறுபடியும் கட்டவேண்டியிருக்கும்.

கடைசி மாதம்

பாக்கி தீரும் மாதத்துக்கு முதல் மாதமே திணைக்களத்துக்கு எழுதி, இதுவரை வரவு வைத்த தொகை எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். இடையில் வட்டியோ தண்டமோ கூடியிருந்தாலும், உங்களுக்கு அனுப்பிய அறிவித்தலில் உள்ள தொகைக்கு மேல் கட்டவேண்டுமானால் புதிய அறிவித்தல் வேண்டும். வீட்டுக்காரர் தானாகவே ஒரு பகுதியைக் கட்டியிருந்தால் மிச்சம் குறைந்திருக்கவும் கூடும். கேட்காமல் கட்டிக்கொண்டே போனால் கூடுதலாகப் போன பணத்துக்கு நீங்களும் அவரும் மாறிமாறி அலையவேண்டும். அறிவித்தல் விலக்கப்பட்டதாக ஒரு கடிதம் வாங்கி, அதன் பிரதியோடு வீட்டுக்காரருக்கு அடுத்த வாடகையைக் கட்டுங்கள். வங்கியில் நிறுத்திவைத்த நிலையான கட்டளையை மறுபடி தொடங்குவது அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான்.